கதவில் இரண்டு தட்டு

ராஜபாளையம்
20.1.1994

அன்புள்ள ஜரீனா அக்காவுக்கு, தம்பி ஹுமாயூன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். மூட்டுவலி பனியோடு வந்தது, பனியோடு போய்விடும் என்று அம்மா தனக்குத் தானே வைத்தியமும் சொல்லிக்கொள்கிறாள். பம்பாயில் உன் உடம்பும் மச்சான் உடம்பும் எப்படி? தோல்பைக் கடையில் வியாபாரம் பழையபடி ஆகிவிட்டதா?

மெட்ராஸ் டிரையத்லானில் மூன்றாவதாக வந்ததை மாமா கடையில் சொன்னேன். கடலில் நீந்தி, ஈரத்தோடு சைக்கிள் ஏறி, இறங்கின காலோடு ஓட வேண்டும் என்று விளக்கினேன். ஆணிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பீர் மைதீன் மாமா கேட்டார்: "மூணு ஆளு வேலைய ஒருத்தனே பாத்திருக்க. கூலி எம்புட்டு குடுத்தான்?" ஒரு கோப்பையும் ஒரு துண்டும் என்றேன். அவர் மறுபடி ஆணிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. இந்த விளையாட்டுக்கு எங்கேயும் வேலை கிடையாது. சைக்கிளுக்கு மட்டும் ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்கள். செப்டம்பரில் திருச்சியில் தேர்வுப் பந்தயம். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் ஆயுசுக்கும் மாமா கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான்.

ஆனால் சாலைப் பந்தயம் நான் நினைத்தது போல இல்லை அக்கா. போன வாரம் மதுரையில் பேர் கொடுத்தேன். ஆரம்பம் முதல் நான்தான் முன்னால். அத்தனை பேரும் பின்னால் வருகிறார்கள், ஒருத்தனாலும் என்னைத் தாண்ட முடியவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி மிதித்தேன். கடைசிப் பாலம் வந்ததும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். முடிந்த பிறகு தவசிமுத்து என்ற பழைய பந்தயக்காரர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஏலே தம்பி, அம்புட்டு தூரமும் நீ எங்களுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வந்திருக்க." முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான், ஒட்டி வருகிறவன் பாதி பலத்தில் வந்துவிடுகிறான். டிரையத்லானில் அப்படி ஒட்டிப் போனால் ஆளையே வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே அதுதான் வித்தை.

பம்பாயில் பழைய ரேஸ் சைக்கிள் கிடைக்குமா என்று மச்சானைப் பார்க்கச் சொல். இன்னொன்று. நான் ராணுவத்துக்குப் போக இருந்தபோது அம்மாவைத் தூண்டிவிட்டுத் தடுத்தாயே, இதிலும் அப்படி ஏதாவது செய்தால் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. அன்றைக்கு எட்டு மாதம் எழுதாமல் இருந்தேன். இந்தத் தடவை எழுதவே மாட்டேன்.

அம்மாவின் துஆவோடு,
ஹுமாயூன்


பம்பாய்
10.2.1994

கண்ணான தம்பி ஹுமாயூனுக்கு அக்காவின் சலாம். இங்கே இருவரும் சுகம். கடை மறுபடி கால் ஊன்றிவிட்டது. அம்மாவை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருக்கச் சொல். யார் சொல்லி அவள் கேட்டாள், இருந்தாலும் சொல்லிப் பார்.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்தேன். "ஊருக்குக் குடை பிடிச்ச கதைய உன் தம்பி இம்புட்டு பெருசா எழுதியிருக்கானே" என்று சிரித்தார். சிரித்தவர்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, மகன் வெளிநாடு போய்விட்ட ஒரு பார்ஸிக்காரர் வீட்டில் பரணில் கிடந்த சைக்கிளைப் பிடித்தார். ரயில் பார்சலில் மதுரைக்கு வருகிறது. அடிபடாமல் இருக்க என் பழைய சேலை இரண்டைச் சுற்றியிருக்கிறேன். சேலையை அம்மாவிடம் கொடு, சைக்கிள் துடைத்துத் தீர்த்துவிடாதே.

ராணுவத்தை இழுக்காதே தம்பி. அந்த எட்டு மாதமும் தபால்காரன் மணிச் சத்தம் கேட்டால் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடுவேன். மற்ற வீட்டுக்கெல்லாம் போட்டுவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்காமல் போவான். அது எனக்கு மறுபடி வேண்டாம். இனி உன் வழியில் குறுக்கே வரமாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பழகாதே. மம்சாபுரம் விலக்கில் அத்தாவை லாரி அடித்தபோது உனக்கு விவரம் தெரியாது. சைக்கிளை அடையாளம் சொல்ல என்னைத்தான் கூட்டிப்போனார்கள். சைக்கிள் மட்கார்டில் அத்தா என் பேரை எழுதி வைத்திருந்தார், அதை வைத்துத்தான் சொன்னேன். மலையடிவாரத்துப் பக்கம் போ, தோப்புப் பக்கம் போ, லாரி வராத பாதையாகப் பார். உன்னோடு கூட ஓட்ட யார் இருக்கிறார்கள் என்றும் எழுது.

நோன்பு தொடங்கப் போகிறது. நோன்பு வைத்துக்கொண்டு உடம்பை வருத்தாதே.

உன் அக்கா,
ஜரீனா


ராஜபாளையம்
22.3.1994

அக்காவுக்கும் மச்சானுக்கும் பெருநாள் சலாம். அம்மா சுகம். பெருநாளுக்கு உன் சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, பார்சலில் வந்தது என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

சைக்கிள் ஒரு குதிரை அக்கா. ஒரு கையில் தூக்கிவிடலாம். டயர் என் பெருவிரல் தடிமன்தான். அம்மா சுற்றிச் சுற்றி வந்து, "கேரியர் இல்லியேப்பா, அரிசி மூட்டைய எங்க வைக்க?" என்றாள். நோன்பு மாதத்தில் சஹர் சாப்பிட்டுத் தொழுதுவிட்டு வெயிலுக்கு முன்னால் ஓட்டி முடித்துவிடுவேன். ஒரு நோன்பும் விடவில்லை.

நோன்புக்கு முன்னால் விருதுநகர் பந்தயத்திலும் தோற்றேன். இந்தத் தடவை குடை பிடிக்கவில்லை. ஆனால் முன்னால் போகிறவன் சக்கரத்தை நெருங்கினாலே கை தானாக பிரேக்குக்குப் போகிறது. வருஷக் கணக்காக இடைவெளி விட்டே பழகிய கை. பின்னால் வந்தவர்கள் என் குடும்பத்தையே திட்டினார்கள். "நடுவுல ஒரு சாண் போதும். அதுக்கு மேல விட்டா காத்து பூந்துரும், நீயும் போயிருவ" என்றார் தவசிமுத்து அண்ணாச்சி. இந்த ஊரில் யாரோடு பழகுவது? பால்கேன் சைக்கிளை விட்டால் வேகமாகப் போகும் சைக்கிளே கிடையாது.

இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டார். சங்கிலி அண்ணன் என்று பேர். காலையில் விடிந்ததும் போகிறார். எடுத்த வேகம் எடுத்தபடி இருக்கும், ஆட்டமே இல்லை. எதிர்க்காற்று முழுவதையும் அவர் வாங்கிக்கொள்கிறார். பின்னால் எனக்குத் தொட்டிலில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு வந்துவிட்டேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

நீ சொன்னதெல்லாம் நினைவில் இருக்கிறது. கவலைப்படாதே.

ஹுமாயூன்


பம்பாய்
10.4.1994

தம்பிக்கு அக்காவின் சலாம். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், மூடியபடியே கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அல்லாஹ் கண் திறந்திருக்கிறான். நீ மாமா ஆகப் போகிறாய். செப்டம்பர் என்று டாக்டரம்மா சொல்கிறாள். முன்னால் இரண்டு தடவை நடந்தது போல் ஆகிவிடக் கூடாது என்று படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறாள். ரயில், பஸ் என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம். மச்சான் எனக்குத் தண்ணீர்கூட எடுத்துத் தருகிறார். இது எத்தனை நாளைக்கோ.

படுத்துக் கிடப்பவளுக்கு யோசிக்கத்தானே வேலை. உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். சங்கிலி அண்ணன் என்கிறாயே, அவர் என்ன சைக்கிள் வைத்திருக்கிறார்? நீ குதிரை மாதிரி சைக்கிளில் விரட்டியும் பிடிக்க முடியாத அளவுக்கு மிதிக்கிறவர் ஏன் எந்தப் பந்தயத்திலும் பேர் கொடுக்கவில்லை? என்ன வயது? எந்த ரோட்டில் போகிறீர்கள்? ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வந்து சாப்பாடு போடச் சொல் அம்மாவை. உனக்காக உழைக்கிற மனுசன் அல்லவா.

உடனே பதில் எழுது. சிராய்ப்பு ஆறியதா?

உன் அக்கா,
ஜரீனா


ராஜபாளையம்
2.6.1994

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பக்ரீத் வேலை, கடை வேலை, பிறகு இரண்டு பந்தயம். உன் செய்தி கேட்டு அம்மா அழுதாள், பிறகு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சீனி கொடுத்தாள். நீ நன்றாகப் படுத்திரு. மச்சானை இன்னும் நன்றாக வேலை வாங்கு.

திருமங்கலத்தில் நான்காவதாக வந்தேன். கூட்டத்துக்கு நடுவிலேயே கிடந்தேன், ஒருத்தன் என்னைத் திட்டவில்லை. தவசிமுத்து அண்ணாச்சி, "யார்லே உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சங்கிலி அண்ணனுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். மூன்று பிள்ளைகள், வேலைக்குப் போகிற மனிதர், பந்தயத்திலெல்லாம் ஆசையில்லை. ஆனால் அவரைப் போல் பொறுப்பான ஆளை நீ பார்த்திருக்க மாட்டாய். வேகத்தைக் குறைக்கப் போகிறார் என்றால் முன்னாலேயே இரண்டு தட்டுத் தட்டுவார். அது எனக்கு. நான் விலகின பிறகுதான் குறைப்பார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. இப்போதெல்லாம் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை அக்கா. குனிந்தபடி மிதிக்கிறேன், காது திறந்திருந்தால் போதும்.

சிராய்ப்பு ஆறிவிட்டது. ஆறினதுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அம்மா மஞ்சள் பூசினாள். தேர்வுக்கு இன்னும் மூன்றரை மாதம். துஆ செய்.

ஹுமாயூன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.7.1994

என் அன்பு ஜரீனாவுக்கு அசன் முகம்மது எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அக்கா மகள் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிரியாணிக்கு எத்தனை ஆடு என்பதில் இரண்டு தரப்பும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாத்திரை போடுகிறாயா? பக்கத்து வீட்டு சௌதா வந்து படுத்துக்கொள்கிறாளா?

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் பிறகு நீ என்னைத்தான் உரிப்பாய். படுத்தபடி படி. எழுந்திருக்காதே.

உன் அம்மாவைப் பார்க்க முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் எதிரே நூல் மில் லாரி ஒன்று வந்தது. பின்கதவில் பெரிதாக மயில் படம். அது எங்களைக் கடந்தபோதுதான் மயிலுக்கு நேர் கீழே ஒரு சைக்கிள் வருவதைப் பார்த்தேன். உன் தம்பி. குனிந்த தலை, நிமிரவே இல்லை. சைக்கிளுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு புக முடியாது. பஸ்ஸில் ஒரு பெரியவர், "எவன் பெத்த பிள்ளையோ, சாகத் திரியுதான்" என்றார். எனக்குத் தெரிந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த லாரி டிரைவர்தான் சங்கிலி அண்ணன். முழுப் பேர் சங்கிலிப்பாண்டி. மயில் லாரியைச் சொல்லி விசாரித்து, மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஆளைப் பிடித்தேன். நல்ல மனுசன்தான். "நானும் முடியாதுன்னு எத்தனையோ தடவ சொன்னேன் பாய். ரயில்வே வேலைங்கான், அப்பன் இல்லாத பிள்ளைங்கான். என்ன செய்யச் சொல்லுதிய? கதவுல ரெண்டு தட்டு தட்டாம நான் பிரேக்குல கால் வைக்கிறதில்ல. கண்ணாடிய விட்டு என் கண்ணு போகாது" என்றார். வெளியே தொங்கும் கையால் டிரைவர் கதவைத் தட்டிக் காட்டினார். வலுவான தட்டுதான்.

ஹுமாயூனிடம் நான் பார்த்ததைச் சொல்லவில்லை. நீயும் பொங்கி எழுந்து ஏதும் எழுதிவிடாதே. நான் வந்து பேசிக்கொள்வோம். செப்டம்பர் முடிந்தால் தானாக விட்டுவிடுவான்.

உன்
அசன் முகம்மது


பம்பாய்
16.7.1994

மரியாதைக்குரிய சங்கிலிப்பாண்டி அண்ணனுக்கு, ஹுமாயூனின் அக்கா ஜரீனா எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். முகம் தெரியாதவள் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். மில் ஷெட் விலாசத்துக்கு அனுப்புகிறேன், உங்கள் கைக்கே சேர வேண்டும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். ஆனால் அதே ரோட்டில், அதே விலக்கில், எங்கள் அத்தாவை லாரி அடித்தது. தம்பி உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டான். இப்போது நான் வயிற்றுப் பிள்ளையோடு படுத்துக் கிடக்கிறேன். கண்ணை மூடினால் அந்த மயில் தெரிகிறது, அதைப் பார்த்ததுகூட இல்லை நான். அவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் போகட்டும். எனக்குத் தம்பி வேண்டும்.

இனி ஒருநாளும் அவனை உங்கள் பின்னால் வர விடக் கூடாது. இதை உங்கள் மூன்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து எனக்கு எழுத வேண்டும். நான் கேட்டேன் என்பது அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. அதுவும் சத்தியத்தில் சேர்த்திதான். தெரிந்தால் அவன் என்னை விட்டுவிடுவான், முன்பு ஒருமுறை விட்டவன். என் வீட்டுக்காரருக்கும் இந்தக் கடிதம் தெரியாது.

உங்கள் கூடப்பிறந்தவளாக நினைத்து இரக்கம் காட்டுங்கள்.

ஜரீனா


ராஜபாளையம்
30.7.1994

தங்கச்சி ஜரீனாவுக்கு சங்கிலிப்பாண்டி வணக்கமாக எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். வயிற்றுப் பிள்ளைக்காரி நீங்கள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி அய்யம்மாள் எங்கள் காளியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள்.

உங்கள் கடிதம் என் கைக்கே வந்து சேர்ந்தது. அத்தா விஷயம் எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிந்திருந்தால் பழக்கியிருக்க மாட்டேன். நேற்று சாமி விளக்குக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தலையிலும் கை வைத்து, நீங்கள் கேட்டபடியே சத்தியம் செய்துவிட்டேன். இரண்டு சத்தியமும்.

ஆனால் தம்பி முகத்தைப் பார்த்து வராதே என்று சொல்ல முடியவில்லை. "ஏம்ணே?" என்று கேட்பான். பொய் சொன்னால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையைச் சொல்லச் சத்தியம் விடாது. அதனால் ஓனரிடம் கெஞ்சித் தூத்துக்குடி லோடுக்கு மாறிக்கொண்டேன். இன்றைக்கே கிளம்புகிறேன். என் வண்டியைத் திங்கட்கிழமை முதல் பால்பாண்டி எடுப்பான். நல்ல பையன், கொஞ்சம் விரட்டுவான், அவ்வளவுதான். அவனிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் டீக்கடையில் உளறித் தம்பி காதுக்குப் போய்விடும்.

நான் இல்லை என்று தெரிந்ததும் தம்பி தானாக நின்றுகொள்ளும். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
சங்கிலிப்பாண்டி


பம்பாய்
5.8.1994

என் செல்லத் தம்பிக்கு ஆயிரம் சலாம். இங்கே எல்லோரும் சுகத்திலும் சுகம். மச்சான் வந்து சேர்ந்து, ஆட்டுப் பஞ்சாயத்துக் கதையைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தே கொன்றுவிட்டார். குழந்தை உள்ளே ஓயாமல் உதைக்கிறது. மாமனைப் போல சைக்கிள் மிதிக்கிறது போல.

மழை கொட்டுகிறது. என்னவோ இரண்டு நாளாக மனசு லேசாக இருக்கிறது, நேற்று நன்றாகத் தூங்கினேன். ஒரு காரணமும் இல்லை, சும்மாதான் எழுதுகிறேன். தேர்வு நெருங்குகிறதே, எப்படிப் பழகுகிறாய்? தனியாக ஓட்டினாலும் உன் பலம் உன்னிடம்தானே இருக்கிறது. கிடைத்தால் அல்லாஹ் கொடுத்தது, கிடைக்காவிட்டால் மாமா கடை ஆணி எங்கே ஓடிப்போகும்?

போன மாதமே உன் கடிதம் வந்திருக்க வேண்டும். எழுது. தபால்காரனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

உன் அக்கா,
ஜரீனா


மதுரை, ஆஸ்பத்திரி
25.9.1994

அக்காவுக்கு சலாம். எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். பெண் குழந்தை என்று கேட்டு சந்தோஷம். மச்சான் போனில் சொன்னபோது அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்தாள். உன் உடம்பு எப்படி? பால் கொடுக்கிறாயா?

என் விஷயம் மச்சான் வந்து பார்த்துவிட்டுப் போனபோது உனக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். பிள்ளை பெறுகிற நேரம் அல்லவா. வலது முழங்கால் இனி மடங்காது. வலது கையில் இன்னும் இரண்டு தடவை கத்தி வைக்க வேண்டும். தேர்வுப் பந்தயம் போன வாரம் முடிந்துவிட்டது. தவசிமுத்து அண்ணாச்சி வந்து யார் யார் தேர்வானார்கள் என்று சொன்னார். அதில் இரண்டு பேர் திருமங்கலத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்கள்.

எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். சங்கிலி அண்ணன் சைக்கிள்காரர் இல்லை, லாரி டிரைவர். உன்னிடம் மறைத்தேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, வழக்கம் போல மில் வளைவில் காத்திருந்தேன். அதே லாரி, அதே மயில். பின்னாலிருந்து பார்த்தால் டிரைவர் தெரியாது அக்கா, மயில்தான் தெரியும். ஒட்டிக்கொண்டேன். வழக்கத்தைவிட வேகம் கூடுதலாக இருந்தது. தேர்வு வருகிறதென்று அண்ணன் எனக்காக வேகம் கூட்டுகிறார் என்று நினைத்து, சந்தோஷமாகக் குனிந்து மிதித்தேன். மம்சாபுரம் விலக்கில் ஆடு குறுக்கே வந்ததாம். பிரேக் போட்டிருக்கிறான். எனக்குத் தட்டுக் கேட்கவில்லை. தட்டுக்காகக் காத்திருந்தேன் என்பதுதான் கடைசியாக நினைவு.

ஓட்டினவன் பால்பாண்டி என்று புது ஆள். பின்னால் ஒருத்தன் வருகிறான் என்றே அவனுக்குத் தெரியாது. சங்கிலி அண்ணன் முந்தின நாளுக்கு முந்தின நாளே தூத்துக்குடி லோடுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலையில்கூட என்னோடு டீ குடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா கொதித்துப் போய் ஓனரிடம் சண்டைக்குப் போனார். "நான்தான் பழக்கினேன்" என்று அண்ணன் ஒத்துக்கொண்டாராம். வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

போன வாரம் வார்டுக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது, இரண்டு தட்டுத் தட்டினார். என் கை தானாக பிரேக் பிடிக்க மூடியது அக்கா, கட்டுக்குள்ளேயே. வலியில் கத்திவிட்டேன். நான் கேட்டேன், "ஏம்ணே சொல்லாமப் போன?" அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, பதில் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கால் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

குழந்தைக்கு என்ன பேர்? முழங்காலுக்கு பம்பாயில் ஏதோ எண்ணெய் இருக்கிறது என்று மச்சான் சொன்னாரே, கிடைக்குமா? அண்ணன் ஏன் அப்படிச் செய்தார், உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? நீ சின்ன வயதிலிருந்தே எதையும் யோசித்துச் சொல்லிவிடுவாய்.

ஹுமாயூன்


ராஜபாளையம்
2.10.1994

தங்கச்சிக்கு சங்கிலிப்பாண்டி எழுதுவது. பெண் பிள்ளை பிறந்ததைத் தம்பியின் அம்மா சொன்னார்கள். தாயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும்.

என்மேல் தப்பு இருக்கிறது. பால்பாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்து அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. வேலை போனது போகட்டும், இப்போது அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறேன். ஆனால் தம்பி என்னை நம்பிக்கைத் துரோகி என்று நினைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது. அது எனக்குத் தாங்க முடியவில்லை.

பிள்ளைகள் தலையில் கை வைத்தவன் நான். நானாக வாய் திறக்க மாட்டேன். சத்தியம் வாங்கியவர் நீங்கள், நீங்கள்தான் அவிழ்க்க முடியும். "சொல்லிக்கொள்ளுங்கள் அண்ணே" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்களே தம்பிக்கு எழுதிவிடுங்கள். உங்கள்மேல் கோபப்பட்டாலும் அக்கா தம்பி உறவு அறுந்தா போகும்?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சங்கிலிப்பாண்டி


பம்பாய்
20.10.1994

என் உயிரான தம்பி ஹுமாயூனுக்கு அக்காவின் சலாம். நானும் குழந்தையும் நலம். பால் கொடுக்கிறேன், நன்றாகக் குடிக்கிறாள். மச்சான் கடையை மூடிவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். உன் கோணல் எழுத்தைப் பார்த்து அழுதேன். இனி அழ மாட்டேன், நீயும் அழாதே.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். குழந்தைக்கு அசீனா என்று பேர் வைத்திருக்கிறோம். நெற்றி அப்படியே உன் நெற்றி. தூக்கத்தில் கால் இரண்டையும் மாற்றி மாற்றி உதைக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் துணியை இழுத்துக் காலை மூடிவிடுகிறேன்.

எண்ணெய் மூன்று புட்டி மச்சான் வாங்கிவிட்டார். ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறோம். அம்மாவை லேசாகச் சூடு காட்டித் தடவச் சொல். கால் ஊன்ற முடிந்ததும் நீ இங்கே வந்துவிடு. தோல்பைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது, மச்சானே சொன்னார். இனி நீ என் கண் முன்னால் இருக்கலாம்.

அந்த சங்கிலிப்பாண்டி ஏன் சொல்லாமல் போனார் என்று கேட்டிருந்தாய். எனக்கு எப்படித் தெரியும் தம்பி? அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. டிரைவர்கள் இன்றைக்கு ஒரு லோடு, நாளைக்கு ஒரு லோடு என்று போகிறவர்கள். யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்? அதையே நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. அவரிடம் மறுபடி கேட்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு அவர் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, மருந்தை விடாதே. எவ்வளவு வலித்தாலும் எனக்கு எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

தபால்காரன் மணிக்குக் காதைக் கொடுத்திருக்கும் உன் அக்கா,
ஜரீனா